காலைப் புட்டில் ஒரு கைப்பிடி காய்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே காய்கறிச் சாம்பாரும் கிச்சடியும் கிடைத்துவிடுகிறது. ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

புட்டு, ஆப்பம், இடியாப்பம், தோசை, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி): நம் பக்கத்துக் காலைச் சாப்பாடு இவ்வளவுதான். பயறோ கடலைக் கறியோ இருந்தால் நல்லது. பல வீடுகளில் பழமும் சீனியும் பிசைந்து கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு போதும் என்றாலும், மதியம் ஓரமாக வைக்கிற ஒரு கரண்டித் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) அதற்குப் பக்கத்தில்கூட வராது.

காலை அவசரத்தில் தனியாக ஒரு கறி வையுங்கள் என்று கேட்கவில்லை. செய்கிற பலகாரத்துக்குள்ளேயே காயைப் போடுங்கள்.

புட்டுக்கு 2 கப் வறுத்த மாவு, நடுத்தரக் கேரட் ஒன்று. கேரட்டைச் சன்னமாகத் துருவி, உப்போடு மாவில் போட்டுப் பிசறி 10 நிமிடம் மூடி வையுங்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். உப்பு பட்டதும் கேரட் நீர் விடும் என்பதால், வழக்கமாக ஒரு டம்ளர் தெளிப்பவர்கள் முக்கால் டம்ளரிலேயே நிறுத்திப் பாருங்கள். மாவைக் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். காய் போட்டால் புட்டு கல்லாகிவிடுகிறது என்று சொல்லுகிற வீடுகளில் நடப்பது இந்தத் தண்ணீர்ப் பிழைதான். ஈரம் கூடினால் மாவு குழலுக்குள் அப்பிக்கொள்ளும், ஆவி மேலே ஏறாது, நடுப்பகுதி வேகாது. அப்படிக் கட்டி விழுந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுங்கள். மேலே ஆவி வந்தபின் 5 நிமிடம் வைத்தால் போதும். பீட்ரூட்டுக்கும் இதே முறைதான்.

முருங்கைக்கீரை உருவ நேரமில்லை என்பவர்கள், ராத்திரியே கொப்பை ஒரு துணியில் இறுகச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாகவே கொட்டும். காம்பை மட்டும் பார்த்து எடுத்துவிடுங்கள், அதுதான் பிள்ளைகள் தொண்டையில் குத்துகிறது என்று துப்புவதற்குக் காரணம்.

தோசைக்கு இந்தக் கீரையையும் பொடியாக அரிந்த உள்ளியையும் (வெங்காயம்) மாவுப் பாத்திரத்தில் கலக்க வேண்டாம். மிஞ்சுகிற மாவு நீர்த்துச் சீக்கிரம் புளித்துவிடும். கல்லில் மாவை ஊற்றி, ஈரம் காயுமுன் ஒரு கைப்பிடி தூவி, கரண்டியால் லேசாக அழுத்துங்கள். தீயைக் குறைத்து 2 நிமிடம் மூடி வைத்துவிட்டுத் திருப்புங்கள். பெரிய துண்டாகப் போட்டால் திருப்பும்போது தோசை கிழியும்.

இடியாப்ப மாவில் மட்டும் துருவல் போடாதீர்கள், அச்சின் கண் அடைத்துக்கொள்ளும். அதற்குக் கேரட், பீன்ஸ், பட்டாணி போட்ட ஸ்டூவே சரி. நாலு பேருக்கு 300 கிராம் காய் இருக்கட்டும். உருளைக்கிழங்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மரச்சீனியும் அப்படித்தான், அது சோற்றுக்குச் சமம். வேகவைத்த தண்ணீரைக் கட்டாயம் வடித்துவிட்டு, கூடவே பயத்தங்காய்த் துவரன் வையுங்கள்.

காயை அரைத்து ஒளித்துக் கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இது முருங்கைக்கீரை என்று பெயர் சொல்லியே கொடுங்கள். முதல் நாள் ஒதுக்குவார்கள். எட்டு, பத்து தடவை தட்டில் பார்த்துப் பழகின பிறகே பல பிள்ளைகளுக்கு வாய் ஒத்துவரும்.

இன்னொன்று, சாப்பாட்டோடு சாயா வேண்டாம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சாயாவுக்குப் பதில் ஒரு நெல்லிக்காயோ, பயறில் பிழிந்த பாதி எலுமிச்சையோ இருந்தால் அதே இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
அரசு நடுநிலைப் பள்ளி,
கன்னியாகுமரி மாவட்டம்.