பெரு பயணத்தில் மச்சு பிச்சு நகருக்குள் அழைத்துச் செல்லாதது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு

ஐயா,

வணக்கம். கடந்த செப்டம்பரில் உங்கள் நிறுவனம் நடத்திய பதினோரு நாள் பெரு சுற்றுலாவுக்கு நானும் என் அப்பா, அம்மாவும் கோவையிலிருந்து வந்திருந்தோம். மூன்று பேருக்கும் சேர்த்து ரூ. 14,40,000 கட்டினோம். ஊர் திரும்பிய மறுநாளே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன், வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். "மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டீர்கள்தானே" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதனால்தான் நடந்ததையெல்லாம் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

பெருவின் இன்கா அரசர்கள் மலை முகட்டில் கட்டிய பழைய கல் நகரமான மச்சு பிச்சுவை நாங்கள் மேலே நின்று பார்த்தோம். அந்த நகருக்குள் காலடி வைக்கவில்லை.

2024 ஜூன் முதல் அங்கே மூன்று சுற்றுப் பாதைகளாகப் பிரித்து டிக்கெட் தருகிறார்கள். எந்தப் பாதைக்கு டிக்கெட் இருக்கிறதோ அதில்தான் நடக்க முடியும். நடுவில் வேறு பாதைக்கு மாற விடமாட்டார்கள், வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போகவும் முடியாது. முதல் பாதை மேலே உள்ள படிக்கட்டு வயல்களோடு நின்றுவிடும். எல்லோரும் எடுக்கும் அந்தப் புகைப்படத்தை அங்கிருந்து எடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டாம் பாதையில் போனால் அந்தக் காட்சியும் கிடைக்கும், நகருக்குள்ளும் இறங்கலாம். மூன்றாம் பாதை கீழ்ப்பகுதி வழியாகப் போகிறது. உங்கள் பயணத் திட்டத்தின் ஏழாம் நாளில் "மச்சு பிச்சு நகரைச் சுற்றிப் பார்த்தல்: சூரியக் கோயில், நீரூற்றுகள், அரசர் இல்லம்" என்று இருக்கிறது. எங்களுக்கு வாங்கித் தந்ததோ முதல் பாதை டிக்கெட்.

என் அப்பாவுக்கு 71 வயது. பொதுப்பணித் துறையில் 34 ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர். வாய்க்கால், மதகு, ஏரிக்கரை என்றே அவர் காலம் போனது. மச்சு பிச்சுவில் அவர் பார்க்க ஆசைப்பட்டது தண்ணீர் வழிகளைத்தான். மலைச்சரிவில் உள்ள ஓர் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் நீளத்துக்குக் கல் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே அது ஒன்றன்கீழ் ஒன்றாக 16 நீரூற்றுகளில் இறங்குகிறது. முதல் நீரூற்று அரசர் இல்லத்தின் பக்கத்தில் இருக்கிறது, அதாவது அரசருக்குத்தான் முதல் தண்ணீர். 15ஆம் நூற்றாண்டில், இரும்புக் கருவி எதுவும் இல்லாமல் செய்த வேலை இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மலை முகட்டில் அந்த நகரம் சரியாமல் நிற்பதற்கும் தண்ணீர்க் கணக்குதான் காரணம். படிக்கட்டு வயல்களின் அடியில் பெரிய கல், அதற்கு மேல் சரளை, அதன்மேல் மணல், கடைசியில் மண் என்று அடுக்கியிருக்கிறார்கள். விழும் மழை தங்காமல் உள்ளிறங்கி வடிந்துவிடும். இதையெல்லாம் ஆராய்ந்த அமெரிக்க நீரியல் பொறியாளர் கென்னத் ரைட், அந்நகரைக் கட்டியவர்களின் உழைப்பில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்று கணித்திருக்கிறார். அப்பா இரண்டு வருடமாக இதைப் படித்து, ஒரு நோட்டில் வரைபடம் போட்டு, அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அன்று காலை மேல்தளத்தில் நின்று அந்த நோட்டை விரித்து, எந்த இடத்தில் நீரூற்று வரிசை தொடங்குகிறது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "கீழே எப்போ போறோம்?" என்று கேட்டார். உள்ளூர் வழிகாட்டி டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் கீழே போக அனுமதி இல்லை என்றார். உங்கள் சுற்றுலா மேலாளர் எங்களுடனே நின்றிருந்தார். பாதைகள் பிரிக்கப்பட்டிருப்பதே தனக்கு அப்போதுதான் தெரியும் என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அப்பா எதுவும் பேசவில்லை. நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐயா, ஒருமுறை தவறிவிட்டால் இன்னொரு முறை போய்க்கொள்ளலாம் என்கிற தூரத்திலா இருக்கிறது பெரு? மலையடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியெந்தஸில் மறுநாளைக்கான டிக்கெட்டுகள் தினமும் ஆயிரம் நேரில் விற்கிறார்கள். முந்தின நாள் மதியமே எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் வரிசையில் நின்றாவது இரண்டாம் பாதைக்கு முயற்சி செய்திருப்போம். நீங்கள் எங்களைக் காலை ரயிலில் கொண்டுவந்து, மாலை ரயிலில் திருப்பி அனுப்பும்படி திட்டம் போட்டிருந்தீர்கள்.

அடுத்தது அம்மாவின் உடல்நிலை. நம் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கூஸ்கோ நகரமோ சுமார் 3,400 மீட்டரில். கடலோர லிமாவிலிருந்து நேராகக் கூஸ்கோவில் இறக்கிவிட்டு, மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கே வானவில் மலை எனப்படும் வினிகுன்காவுக்குக் கிளப்பினீர்கள். அது 5,000 மீட்டரைத் தாண்டிய இடம். பாதி வழியிலேயே அம்மாவுக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்கி, மூச்சு வாங்கியது. திரும்பி வந்தபின் ஹோட்டலில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். கூஸ்கோவில் யாரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: முதலில் உயரம் குறைந்த புனிதப் பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் மேலே ஏறுங்கள். உங்கள் திட்டத்தில் புனிதப் பள்ளத்தாக்கும் இருந்தது, ஆனால் வினிகுன்காவுக்குப் பிறகு. அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால் எங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது. வயதானவர்களை அழைத்துப் போகும் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

பாலைவனத் தரையில் பழங்கால மக்கள் கோடுகளாகப் பெரிய உருவங்களை வரைந்து வைத்திருக்கும் நாஸ்காவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சிறு விமானத்தில் ஏறி குரங்கு, சிலந்தி, ரீங்காரச்சிட்டு உருவங்களை மேலிருந்து பார்ப்பதாகத்தான் ஒப்பந்தம். எங்களை நெடுஞ்சாலை ஓரத்துப் பார்வைக் கோபுரத்தில் ஏற்றி, கைகள், மரம் என்ற இரண்டு உருவங்களையும், அந்தச் சாலையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பல்லியின் ஒரு பகுதியையும் காட்டிவிட்டுப் பேருந்தில் ஏற்றினீர்கள். அந்தக் கோடுகளைக் காப்பாற்றுவதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஜெர்மன் ஆய்வாளர் மரியா ரைச்சே எழுப்பிய கோபுரம் அது, அதற்கு உரிய மரியாதை உண்டு. ஆனாலும் அது விமானப் பயணத்துக்கு ஈடாகாது. விமானக் கட்டணத்தை எங்களிடம் வாங்கியதற்கான ரசீது இருக்கிறது.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். கூஸ்கோவின் உள்ளூர் வழிகாட்டி எங்களைக் கோரிகாஞ்சாவில் நிதானமாக நடத்திக் காட்டினார். இன்காக்களின் சூரியக் கோயிலான அதன் சுவர்களின் மேல் ஸ்பானியர்கள் சாண்டோ டொமிங்கோ தேவாலயத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மேலே இருந்த கட்டடம் மோசமாகச் சேதமடைந்தது, அடியில் இருந்த இன்கா சுவர்கள் நின்றன. சாந்து இல்லாமல் பொருத்திய அந்தக் கற்களின் இடுக்கைப் பார்த்தபடி அப்பா வெகுநேரம் நின்றார். வண்டி ஓட்டியவர் தானாகவே மராஸ் உப்புப் பாத்திகளுக்கும் கூட்டிப்போனார். உங்கள் திட்டத்தில் அந்த இடமே கிடையாது. ஒரே ஓர் உப்பு ஊற்றின் நீரை குறுகலான வாய்க்கால்களில் பிரித்து, மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான பாத்திகளுக்கு இன்றும் பாய்ச்சுகிறார்கள். மச்சு பிச்சுவுக்குப் பிறகு அப்பா அந்த நோட்டைத் திறந்தது அங்கேதான். இந்த இருவருக்கும் எங்கள் நன்றியைத் தெரிவித்துவிடுங்கள்.

நாஸ்கா விமானக் கட்டணத்தையும், அம்மாவால் முடிக்க முடியாமல் போன வினிகுன்கா பயணச் செலவையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். மச்சு பிச்சு நாளுக்காக வாங்கிய ரயில், பேருந்து, நுழைவுக் கட்டணம் அனைத்தையும் மூன்று பேருக்கும் திருப்பித் தர வேண்டும். என் அப்பாவுக்கு உங்கள் நிறுவனம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த குழு புறப்படும் முன்பே உங்கள் திட்டத்தில் எந்தப் பாதை டிக்கெட் என்று தெளிவாக அச்சிடுங்கள், கூஸ்கோவுக்கு முன்னால் பள்ளத்தாக்கை வையுங்கள். வினிகுன்காவுக்குப் போகலாமா வேண்டாமா என்று வயதானவர்களிடம் கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள்.

பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீதுகள், முதல் பாதை என்று அச்சான நுழைவு டிக்கெட்டுகள், ஆக்சிஜன் கொடுத்ததற்கான ஹோட்டல் ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் கோவையிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்