பைக்கு 20 காசு ஏன்? கடலைப் பற்றிக் கேட்ட வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

2017 ஜனவரியிலிருந்து மலேசியாவில் நம் சிலாங்கூர் மாநிலத்தில் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு. அதைக் கேட்கும்போதெல்லாம் கல்லாவில் பேச்சு எழுகிறது. "கடல் குப்பையில பாதி மீன்பிடி வலைதானாமே? குப்பைத் தீவுன்னு சொல்றாங்க, செயற்கைக்கோள் படத்துல ஒண்ணையும் காணோமே? நம்ம ஊர் பெஸ்தாரி ஜெயாவுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். பின்னால் வரிசை நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் எழுதுகிறோம்.

வலை விஷயம் 'குப்பைத் தீவு' என்று சொல்லப்படும் இடத்துக்கு ஏறக்குறைய உண்மை, கடல் முழுவதற்கும் அல்ல. பசிபிக் நடுவில் சுழலும் குப்பையை அளந்து 2018-இல் வெளியான ஆய்வு, எடையில் 46 விழுக்காடு வலை என்றது. 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் 79,000 டன் என்றும் சொன்னது. வகுத்துப் பாருங்கள், சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ. பத்துக் கிலோ அரிசிப் பை ஐந்தின் எடை, அதுவும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. வானத்திலிருந்து தெரியாதுதான். 'தீவு' என்ற பேச்சுதான் தவறு, குப்பை பொய்யில்லை.

அங்கே பை அதிகம் இல்லையே என்றால், அதற்குக் காரணம் உண்டு. வீட்டிலேயே பார்க்கலாம். தண்ணீர்ப் போத்தலின் மூடியையும், போத்தலில் வெட்டிய ஒரு துண்டையும் வாளியில் அமுக்கி, ஒட்டிய காற்றுக் குமிழிகளை விரலால் தேய்த்துவிட்டுக் கையை எடுங்கள். மூடி மேலே வரும், துண்டு அடியில் போய்விடும். துண்டு பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை, தண்ணீரைவிடக் கனம். நம் பை மிதக்கும் வகைதான். ஆனால் மெல்லியது, பரப்பு அதிகம். பாசி படிந்து மணலும் ஒட்டினால் அதுவும் இறங்கிவிடும். ஆற்றுவாயில் அலையாத்தி மரங்களின் வேரில் சிக்குவதும் உண்டு. 2018-இல் நம் எல்லைக்குப் பக்கத்தில், தாய்லாந்தின் சொங்க்லாவில் இறந்த திமிங்கிலத்தின் வயிற்றில் 80-க்கும் மேற்பட்ட பைகள் இருந்தன, எடை எட்டுக் கிலோ.

"ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்றாங்களே" என்பதும் சரி. 2015-இல் வந்த ஆய்வு, 2010-ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் கடலில் சேர்ந்ததாக மதிப்பிட்டு, மலேசியாவை எட்டாம் இடத்தில் வைத்தது. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் ஒழுங்காக அள்ளப்படாத குப்பையை வைத்துப் போட்ட கணக்கு அது. 2021 ஆய்வு ஆறுகள் கொண்டுபோவதை மட்டும் எடுத்தது. ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன். அளந்த பொருள் வேறு, அதனால் எண்ணும் வேறு. சில பெரிய ஆறுகள் மட்டுமல்ல, ஊர்களுக்குள் ஓடும் சிறிய ஆறுகளும் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் 80 விழுக்காட்டைச் சுமக்கின்றன என்றும் அது சொன்னது. நம் கால்வாய்த் தண்ணீர் சிலாங்கூர் ஆற்றில் விழுந்து கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது.

'தானாக மட்கும்' என்று அச்சிட்ட பைகளை இனி வாங்கி வைக்கமாட்டோம். அவற்றில் பலவற்றில் வெயில் பட்டால் நொறுங்க ஒரு மருந்து கலந்திருக்கும். பை பொடியாகும், பொடி பிளாஸ்டிக்காகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் இந்த வகையைத் தடை செய்துவிட்டது.

துணிப்பை வாங்கினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் சுற்றுச்சூழலுக்கு ஆகும் செலவு பெரிது. 2011-இல் பிரிட்டன் சுற்றுச்சூழல் துறை கணக்குப்படி, புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒரு மெல்லிய பைக்கு ஈடாகும். அந்த மெல்லிய பையில் நீங்கள் குப்பை கட்டினால் 327 முறை. புதிதாக வாங்காதீர்கள், வீட்டில் கிடப்பதை எடுத்து வாருங்கள்.

பருப்பு, சீனி, மசாலாத் தூளுக்கு டப்பா கொண்டு வரலாம். முதலில் வெறும் டப்பாவை நிறுத்து, எடையை மூடியில் ஒட்டித் தருவோம். டப்பா முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் சீனி கட்டியாகும், பருப்பில் பூஞ்சை பிடிக்கும். மசாலா வைத்த டப்பாவில் சீனி கேட்காதீர்கள், வாசம் போகாது. நெத்திலிக்கு இறுகிய மூடி வேண்டும். துருவிய தேங்காய்ப்பூவையும் தயிரையும் பிளாஸ்டிக்கில்தான் கட்டுவோம், தாளில் கட்டினால் கசியும்.

கோழி, மீன் வைத்த பையில் திரும்பச் சாப்பாட்டுச் சாமான் வைக்காதீர்கள். குப்பை கட்டுங்கள், வாயை இறுக்கி முடிந்து, லாரி வரும் நாளில் மட்டும் வெளியே வையுங்கள். முந்தின இரவே வைத்தால் நாய் கிழிக்கும், மழை வந்தால் எல்லாம் கால்வாய்க்குள் போகும்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடையினர்
பெஸ்தாரி ஜெயா