விஜிக்கு, வாத்து விஷயமாக

தஞ்சாவூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள விஜி,

திட்டாதே. எட்டு மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்பது எனக்கே தெரியும். உன் பெண் கல்யாணத்துக்கு வராததற்கு இவருடைய ஆபரேஷன் காரணம். அதற்குப் பிறகு ஃபோன்கூடப் பண்ணாததற்குக் காரணமே இல்லை, வெறும் வெட்கம். நாளாக ஆக அது கூடிக்கொண்டேதான் போனது. இவர் இப்போது தேவலை. சாம்பாரில் உப்பு குறை என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். உன் இரண்டாவது கண்ணுக்கும் லென்ஸ் வைத்தாகிவிட்டதா? மாப்பிள்ளை வாயைத் திறந்து பேசுகிறாரா, இல்லை இன்னும் சிரிப்பு மட்டும்தானா? அத்தையைக் கேட்டதாகச் சொல். விசாரிப்பு முடிந்தது. இனி விஷயம்.

நான் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. வாத்து என்று மட்டும் சொல்லாதே. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தெற்கு வீதியில் ஒரு வீட்டு மாடி. நாலு சனிக்கிழமை, ஒரு துணிமேல் இன்னொரு துணியை உருவமாக வெட்டி வைத்துக் கையாலேயே தைக்கிற அப்ளிக், ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் தனியாகப் போகப் பிடிக்காமல் என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது வாரமே அவள் நின்றுவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன். மொத்தம் ஏழு பேர். இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு பல் டாக்டர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையன், இப்படி. அந்தப் பையன்தான் எல்லோரையும்விட நன்றாகத் தைக்கிறான். எனக்கு அவன்மேல் ஒரு கோபம்.

சொல்லித்தருகிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் நான் பெரிய மனுஷி மாதிரி, "இது நம்ம ஊர்ல கிழிசலுக்கு ஒட்டுப் போடறதுதானேம்மா" என்றேன். "அது கிழிஞ்ச துணியில வேற வழியில்லாம போடறது ஆன்ட்டி. இது நல்ல துணியில வேணும்னே போடறது" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் பாடம் ஒரு மாங்காய். புடவைக் கரையில் வருமே, அந்த மாங்காய். அச்சுக்குக் கெட்டியான அட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தாள். வீட்டில் கிடைத்த ஒரே கெட்டி அட்டை உன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை. பிள்ளையார் இருக்கும் பக்கத்தை வெட்டவில்லை. சம்பந்தி வீட்டார் பெயர் இருக்கும் பக்கத்தைத்தான் வெட்டினேன், ஆகவே உனக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

மாங்காய் என்றால் சும்மா இல்லை, விஜி. அதன் வயிறு வெளியே வளைகிறது, கழுத்து உள்ளே வளைகிறது, மேலே ஒரு கூர்மூக்கு. மூன்று இடத்துக்கும் மூன்று வித்தை. அட்டையின் அளவுக்குக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். அடித்துணிமேல் அதை வைத்து, நகராமலிருக்க நடுவில் பெரிய ஓட்டுத்தையல் நாலு. பிறகு விளிம்பில் இருக்கும் கால் அங்குலத்தை ஊசி முனையாலேயே உள்ளே தள்ளி, இடது கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மடிப்பின் ஓரத்தில் இரண்டே இரண்டு இழையைக் கவ்வி, ஊசியை நேர் கீழே அடித்துணிக்குள் இறக்க வேண்டும். அடுத்த மூன்று தையலுக்கு வேண்டிய மடிப்பை மட்டும்தான் ஒரு சமயத்தில் மடிக்கலாம். நான் பேங்க்கில் நோட்டுக் கட்டை மடக்குவது மாதிரி மொத்தத்தையும் ஒரேயடியாக மடிக்கப் பார்த்தேன். துணி என்னைப் பார்த்துச் சிரித்தது.

உள்வளைவில் கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டுவிட வேண்டும், கோட்டைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்திக்கொண்டு. வெட்டாவிட்டால் துணி திரும்ப மறுக்கும். கோட்டைத் தாண்டி வெட்டினால் பிசிறு வெளியே எட்டிப் பார்க்கும். வயிற்றுப் பக்கம் வெட்டு வேண்டாம். துணியை விசிறி மடிப்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு உள்ளே அனுப்பினால் போதும். பங்கு தவறினால் வட்டம் எண்கோணமாகிவிடுகிறது. என்னுடையது எண்கோணம். கழுத்தில் இரண்டு பிசிறு. மூக்கு இருக்கிறதே, அதைத் தனிக் கடிதத்தில்தான் எழுத வேண்டும். ஒரு பக்கத்தை நுனி வரை தைத்து, நுனியில் இன்னொரு தையல் போட்டு, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் துணிக்காதை நறுக்கி, நுனியை மடக்கி, அப்புறம் மறுபக்கத்தை உள்ளே சொருகுவது. அவள் செய்யும்போது மூன்று அசைவு. நான் செய்தபோது உள்ளே நாலு மடிப்புத் துணி திரண்டு, மாங்காய் மூக்கு முழங்கால் மூட்டு மாதிரி ஆனது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கத்திரிக்காயா?" என்றார். கூடவே ஒரு யோசனையும்: "ஃபெவிகால் போட்டு ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதே!"

இந்தக் கத்திரிக்காய்க்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது.

துணிச் சமாசாரத்திலும் நிறையத் தெரிந்துகொண்டேன். பாலியெஸ்டரில் மடிப்பு நிற்காது, விட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நம் பழைய டூ பை டூ ஜாக்கெட் துணி இதற்கென்றே பிறந்த மாதிரி அடங்குகிறது. கையூசியில் எண் கூடக் கூட ஊசி சன்னமாகும் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பெரிய எண் பெரிய ஊசி என்று நினைத்துக் கடையில் சண்டை போட்டேன். ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான் கேட்டபோது அந்தக் கடைப் பையனுக்கு அப்படி ஒரு பொருள் உண்டு என்பதே தெரியவில்லை. முதலாளி உள்ளேயிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து தேடி எடுத்துக்கொடுத்தார்.

அப்புறம் இன்னொன்று. நம் திருவாரூர் ஆழித்தேர் பந்தயம் நினைவிருக்கிறதா? தேரில் தொங்கும் தொம்பையில் இருக்கிற யாளியும் பூவும் பெயின்ட் அடித்தது என்று நான், இல்லை நெய்தது என்று நீ. தோற்றவள் கமர்கட் வாங்கித்தர வேண்டும். உன் தாத்தா கடைப் படியில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தோமே! இரண்டு பேருமே தோற்றுவிட்டோம். எல்லாம் வெட்டித் தைத்தது. தொம்பை, தேர்ச்சீலை எல்லாமே இதே வேலைதான், தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கைவேலை. வருஷா வருஷம் அண்ணாந்து பார்த்த துணிக்கு அப்ளிக் என்று புதுப்பெயர் வைத்து, மாடிப்படி ஏறிக் காசு கட்டிக் கற்றுக்கொள்கிறேன். ஒரு விஷயத்தில் தேர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். அலங்காரம் முடிந்தால் தேர் 96 அடி. அந்த உயரத்தில் தொங்குகிற யாளியின் மூக்கு முழங்கால் மாதிரி இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? என் கத்திரிக்காயையும் அங்கே கொண்டுபோய்க் கட்டிவிடலாம்.

ஒடிசாவில் புரிக்குப் போகிற வழியில் பிப்ளி என்று ஓர் ஊர், பிழைப்பே இந்த வேலைதான். ரத யாத்திரையில் மூன்று தேருக்கும் வருஷா வருஷம் புதுத் துணி. ஜகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரர் தேருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரை தேருக்குச் சிவப்பும் கறுப்பும். பரம்பரையாக இதைத் தைத்தவர்கள் அங்கே ஆண்கள். கெய்ரோவில் கூடாரக்காரர் தெரு என்றே ஒன்று இருக்கிறது. அங்கேயும் துணியை மடியில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஆண்கள்தான் தைக்கிறார்கள். இதையெல்லாம் இவரிடம் விவரமாகச் சொல்லி, ஊசியையும் நீட்டினேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சரி. சுற்றி வளைத்தது போதும். உனக்கு எழுத உட்கார்ந்ததே இதற்காக இல்லை.

நேற்று மூன்றாவது வகுப்பு. நான் இன்னும் ஒரு தப்புப் பண்ணியிருந்தேன். அடித்துணி வெள்ளை என்று சிவப்பு மாங்காயை வெள்ளை நூலால் தைத்துவிட்டேன். மேலே இருக்கும் துண்டின் நிறத்தில்தான் நூல் இருக்க வேண்டுமாம். மாங்காயைச் சுற்றி அரிசிமாவு சிந்தின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. "பிரிச்சிடலாமா ஆன்ட்டி?" என்றாள். பிரித்தேன். வெள்ளைத் துணியில் மாங்காய் வடிவத்தில் வரிசையாக ஊசி ஓட்டை. துணி வீணாகிவிட்டதே என்றேன். அவள் விரலைத் தண்ணீரில் தொட்டு, ஓட்டைமேல் வைத்து, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் மெல்லச் சுரண்டினாள். இழைகள் நகர்ந்து சேர்ந்துகொண்டன, ஓட்டை போன இடம் தெரியவில்லை. "பருத்தின்னா இப்படி மூடிக்கும். தைக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

எனக்குக் கை ஓடவில்லை, விஜி.

ஒன்பதாம் வகுப்பு. தையல் நோட்டு. ஓட்டுத்தையல், பின்தையல், ஹெம்மிங், காஜா எல்லாம் முடிந்து கடைசிப் பக்கம் வாத்து. என் வாத்தை நீ தைத்தாய். எனக்குப் பத்துக்கு ஒன்பது, உனக்கு எட்டு. 40 வருஷத்துக்கு மேலாக இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உன் கல்யாணத்தில், என் கல்யாணத்தில், மதுரைப் பயணத்தில் ரயிலில். ஒரு தடவைகூட நாம் அந்தப் பீரியடின் மிச்சப் பாதியைச் சொன்னதில்லை. கவனித்திருக்கிறாயா?

எனக்கு ஒன்பது போட்டுவிட்டு டீச்சர் அடுத்ததாக எடுத்தது ஸ்டெல்லாவின் நோட்டை. அவள் வாத்துதான் வகுப்பிலேயே அழகு. "இது உங்கம்மா தைச்சது" என்றார். அவள் அம்மா வாசலில் மெஷின் போட்டுத் தைத்துப் பிழைத்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். இல்லை மிஸ், நான்தான் மிஸ் என்று இரண்டு தடவை சொன்னாள். டீச்சர் பிளேடை எடுத்து வாத்தைச் சுற்றி அறுத்து உரித்துவிட்டு, "வேற யாராவது அடுத்தவங்ககிட்ட குடுத்துத் தைச்சீங்களா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். என் நோட்டு என் மடியில்தான் இருந்தது. நான் பெஞ்சில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, உன் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

மணி அடித்ததும் அவள் தாழ்வாரத்துத் தூண் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பாவம், அழுகையை அடக்கத்தான் அப்படிப் பண்ணுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் வேறொன்றும் நினைத்துக்கொண்டேன், இன்று வரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அவள் அம்மாதான் தைத்திருப்பாள், அப்போது எல்லோரும் ஒன்றுதான், நான் மட்டும் தப்புப் பண்ணவில்லை என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வாத்துக் கதையைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

அவள் ஓட்டையை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், விஜி. பிரித்துப் பிரித்துத் தைத்துப் பழகிய கைக்குத்தான் அது தெரியும். அது அவள் தைத்த வாத்து.

நேற்று ராத்திரி முழுக்க இதுதான். கூடவே இன்னொன்றும் உறுத்துகிறது, கேட்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது, ஆகவே புரியவில்லை. நீ எட்டு வயதிலிருந்து தைக்கிறவள். அன்றைக்குத் தூண் பக்கத்தில் என்கூடத்தான் நின்றாய். அவள் என்ன செய்கிறாள் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும், இல்லையா?

கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பதில் எழுது. ஃபோன் வேண்டாம், ஃபோனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். அவளை நாகப்பட்டினத்துப் பக்கம் கட்டிக்கொடுத்ததாக உன் அத்தை ஒரு தடவை சொன்னார்கள். ஊரில் கேட்டால் யாருக்காவது விலாசம் தெரியாதா? அதையும் விசாரி. கிடைத்தால் போய்ப் பார்க்கத்தான் போகிறேன். போய் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைசி வகுப்பு. எது வேண்டுமானாலும் தைக்கலாம் என்றிருக்கிறாள். நான் வாத்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராஜி

பி.கு.: உன் பழைய ஜாக்கெட் துண்டு இருந்தால் அனுப்பு, மஞ்சள் முக்கியம். இதனுடன் வைத்திருப்பது மாங்காய். சிவப்பு நூலால் மறுபடி தைத்தது. உன் வீட்டுக்காரரிடம் காட்டும்போது மாங்காய் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் காட்டு.