அபாகஸ் மணி நழுவாமல் செய்து கொடுத்த ஐயாவுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பார்வையற்ற பிள்ளைகள் இருவரும் ஊர்ப் பள்ளியிலேயே, அவரவர் வகுப்பிலேயே தொடர்கிறார்கள். அதற்கு உதவிய எல்லோருக்கும் நன்றி சொல்லவே இது. முதல் நன்றி, பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் ஐயாவுக்கு.

அவர் செய்த உதவியின் அருமை தெரிய வேண்டுமானால் இதைச் சொல்லியாக வேண்டும். தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லை எழுதும் சிலேட்டில், தாளின் பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். எழுதியதைப் படிக்கத் தாளைக் கழற்றித் திருப்ப வேண்டும். எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, மீதியை ஏற்றிக் கூட்டும் கணக்குக்கு அது சரிப்படாது. அதனால்தான் அபாகஸ், அதாவது கம்பிகளில் மணி கோத்த கணக்குச் சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் நடுச்சட்டத்துக்கு மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணி, கீழே ஒன்று மதிப்புள்ள நான்கு மணி. நடுச்சட்டத்தோடு ஒட்டி நிற்கும் மணி மட்டுமே கணக்கில் சேரும்.

பார்வையற்றவர்களுக்கென்றே செய்த அபாகஸில் மணிகளுக்குப் பின்னால் ஒரு மெத்தை இருக்கும். தடவினால் மணி அசையாது, தள்ளினால்தான் நகரும். கடையில் விற்கும் சாதாரண அபாகஸில் அது கிடையாது. பிள்ளை 47 வைத்துவிட்டுத் தடவிப் படிக்கும்போது, ஒன்றுகளின் கம்பியில் ஐந்து மதிப்புள்ள மணி நழுவினால் 42 ஆகிவிடும். பார்க்கிறவர் தப்பு என்று போட்டுவிடுவார். பிள்ளை போட்டதோ சரியான கணக்கு! "இவனுக்குக் கணக்கு வராது" என்று இப்படி எத்தனை பேரை ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஐயாவிடம் கேட்டது, அந்த மெத்தைக்காக ஒரு துண்டு ஷீட் மட்டும்தான். அவர் அபாகஸையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். செருப்புக்கு உள்ளே ஒட்டும், துணி வைத்த ஃபோம் ஷீட்டை எடுத்தார். 3 மி.மீ. போட்டதில் மணி இறுகிவிட்டது, 2 மி.மீ. சரியாக உட்கார்ந்தது. நடுச்சட்டம் குறுக்கே வருவதால் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு துண்டாக வெட்டினார். துணிப்பக்கம் மணியைப் பார்க்க வேண்டும், வெறும் ரப்பர் என்றால் மணியைக் கவ்விக்கொள்ளும். சொல்யூஷன் பசையை அபாகஸின் பின்புற ஒட்டுப்பலகையில் மட்டும் தடவினார்; கம்பியில் கசிந்தால் மணி அங்கேயே நின்றுவிடும். ஒரு இரவு பாரம் வைத்துக் காயவிட்டு, மரம் பிளக்காமலிருக்க ஆணிக்குப் பதில் சிறு திருகாணி போட்டு முடுக்கினார். செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தார், ஒரு மணியும் இறங்கவில்லை.

அதோடு விடவில்லை. பிள்ளையை அழைத்துவரச் சொல்லி, "பாப்பா, இறுக்குதா?" என்று கேட்டார். மேலே மட்டும் இறுக்குகிறது என்றாள். கழற்றி, அந்தத் துண்டை லேசாகச் சீவிப் போட்டுக் கொடுத்தார். கருவி செய்கிற எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்?

புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, பத்துப் பத்தாகச் சிறு துணிப்பைகளில் போட்டுத் தைத்துத் தந்த சத்துணவு அக்கா. எண்ணியதும் எண்ணாததும் கலக்காதபடி நடுவே தடுப்பு வைத்த தட்டு செய்து தந்த தச்சர். "இதையும் இதையும் கூட்டு" என்று பலகையைக் காட்டுவதை விட்டு, எண்களை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிய வகுப்பாசிரியை. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள். 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிப்பது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்லிவிடாமல் காத்திருக்கும் வகுப்புத் தோழர்கள். எல்லோருக்கும் நன்றி.

இனி எந்த அபாகஸும் செங்குத்தாகப் பிடித்துச் சோதிக்காமல் எங்கள் கையிலிருந்து ஒரு பிள்ளையிடம் போகாது. பென்னாகரம், அரூர், காரிமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் மெத்தையில்லாத அபாகஸ் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கொடுத்தனுப்புங்கள். ஐயா சொல்லித் தந்த அளவில் நாங்களே ஒட்டித் தருகிறோம்.