ரோட்டரியும் லயன்ஸும் ஒரே ஹால்ல

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்க நாங்க எல்லாரும் சொகம். அங்க நீங்க, அம்மா, ஆச்சி எல்லாரும் எப்பிடி இருக்கிய? ஆச்சி கண்ணுக்கு சொட்டு மருந்து ஒழுங்கா விடுதாவளா, ஆபரேசன் முடிஞ்சு வந்த கையோட அடுப்படிக்குள்ள போயிருப்பாவ, கொஞ்சம் பாத்துக்கிடுங்க. போன்ல பேசினா பாதியிலயே பிள்ளைய வந்து போன பிடுங்கிருதுவ, அதான் உக்காந்து டைப் பண்ணுதேன். படிச்சிட்டு மாமாகிட்டயும் காட்டுங்க, அவரு ரோட்டரில்லா, இது அவருக்கும் சேத்துதான்.

நான் வேல பாக்குற முதியோர் இல்லத்துல என்கூட ஒரு அம்மா இருக்காவ, லயன்ஸ் சேவை கிளப்புல மெம்பர். எங்க அப்பாவும் லயன்ஸ்தான்னு எப்பவோ பேச்சுவாக்குல சொன்னத ஞாபகம் வச்சிருந்து போன வாரம் மீட்டிங்குக்கு கூட்டிட்டுப் போனாவ. பிரிஸ்பேனுக்கு வடக்க இருக்க சின்ன ஊருதானப்பா இது, இங்கயும் நம்ம ஊரு மாதிரியே ரோட்டரி கிளப் ஒண்ணு லயன்ஸ் கிளப் ஒண்ணு இருக்கு. அக்டோபர் 24 போலியோ தினம்லா, அத ஒட்டி ரெண்டு கிளப்பும் ஒரே ஹால்ல சேந்து உக்காருதாவ.

மேடை கிடையாது, மாலை கிடையாது, பொன்னாடை கிடையாது. மொதல்ல இந்த மண்ணோட பூர்வகுடி மக்களுக்கு மரியாதை சொல்லுதாவ, அப்புறம் மணி அடிச்சு நேரா விசயத்துக்குப் போயிருதாவ. ஆளுக்கு ஒரு பாத்திரத்துல சாப்பாடு கொண்டாந்தாவ, நான் புளியோதரையும் நம்ம கல்லிடைக்குறிச்சி அப்பளமும் கொண்டு போனேன், அப்பளம் மொதல்லயே தீந்துபோச்சு. சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு கிளப் தலைவரும் சேந்து நின்னு தட்டு கழுவுதாவ. ரெண்டு பேரும் பொம்பளைங்கதான். லயன்ஸ்ல 1987லயும் ரோட்டரில 1989லயும்தான் பொம்பளைகள சேக்கலாம்னு ரூலே வந்துச்சாம். அம்மாவ ஏம்பா இன்னும் மெம்பரா சேக்கல? கண் கேம்ப் அன்னைக்கு வார சனங்கள வரிசையா உக்கார வச்சு பேரு எழுதுறது பூரா அம்மாதானே.

கூட்டத்துல வேடிக்கையா பைன் போடுற டெயில் ட்விஸ்டர் இங்கயும் உண்டு, நீங்க ஒரு வருசம் இருந்தியளே அதே மாதிரி, பேப்பர்ல போட்டோ வந்தவருக்கு பைன், பேரன் பிறந்தவருக்கு பைன்னு உண்டியல தூக்கிட்டு சுத்தி வாராவ, காசு பூரா சேவைக்குத்தான் போகுது.

மாமாவுக்கு சொல்ல வேண்டியது இப்பதான். ரோட்டரியில ஒரு பெரியவர், எம்பது வயசு தாண்டியிருக்கும், எந்திரிச்சு போலியோ பத்தி பேசினாரு. பக்கத்துல நம்பூர்னு ஒரு ஊரு, அங்க கணக்கு பாக்குற வேலையில இருந்த கிளெம் ரெனூஃப்ங்கிறவரு 1978-79ல உலக ரோட்டரிக்கே தலைவரா இருந்தாராம், அவரு காலத்துலதான் பிலிப்பைன்ஸ்ல 60 லட்சம் பிள்ளைகளுக்கு சொட்டு மருந்து குடுக்கணும்னு 1979ல இறங்கினாவளாம், அதுல இருந்துதான் உலகம் பூரா போலியோவ ஒழிக்கணும்னு 1985ல ரோட்டரியோட போலியோபிளஸ் திட்டமே வந்துச்சு. அந்த வருசமெல்லாம் நாங்க கடை வாசல்ல நின்னு சாசேஜ் சுட்டு வித்தோம், லாட்டரி சீட்டு வித்தோம்னு அவரு சொல்லிட்டு, இந்தியா கதைக்கு வந்தாரு. 2009ல ஒரு வருசத்துல மட்டும் இந்தியாவுல 741 பிள்ளைகளுக்கு போலியோ, 2011 ஜனவரி 13 ஹவுராவுல வந்ததுதான் கடைசி, 2014 மார்ச் 27 இந்தியாவுல போலியோ இல்லன்னு சர்டிபிகேட்டே குடுத்தாச்சு, இப்ப பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும்தான் பாக்கின்னாரு. தேதியெல்லாம் பேப்பர் பாக்காம சொன்னாருப்பா.

எனக்கு உக்காந்திருக்க முடியல. கையத் தூக்கி எந்திரிச்சு, எங்க பெரியம்மா மக அக்காவுக்கு சின்னதுலயே போலியோ வந்து காலுல கம்பி மாட்டித்தான் ஸ்கூலுக்கு நடந்தா, எனக்கு அப்புறம் எங்க தெருவுல எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கம்பி வேண்டியிருக்கல, எங்க மாமா ரோட்டரி பேனர் கட்டி பஸ் ஸ்டாண்டுல ஐஸ் பொட்டியோட காலையில இருந்து நின்னு பஸ்ல இருந்து இறங்குற பிள்ளைகளுக்கெல்லாம் சொட்டு மருந்து ஊத்துனாரு, சுண்டுவிரல் நகத்துல மை வைப்பாவன்னு எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பெரியவரு பக்கத்துல வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, அக்கா இப்ப எப்பிடி இருக்கா, என்ன வேல பாக்கான்னுதான் கேட்டாரு. தையல் கடை வச்சிருக்கான்னேன். அவரு கண்ணு கலங்கிருச்சு, எனக்கும்தான். அவிய சாசேஜ் வித்த காசும் மாமா பஸ் ஸ்டாண்டுல நின்ன நேரமும் ஒரே வேலைக்குத்தான் போயிருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தாம்பா உறைச்சது.

அப்புறம் லயன்ஸ் முறை. 1925ல ஹெலன் கெல்லர் வந்து பார்வை இல்லாதவங்களுக்கு நீங்க துணையா நிக்கணும்னு லயன்ஸ்கிட்ட கேட்டாவன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் நீங்க சொல்லுவியளே, அதையேதான் இங்கயும் சொல்லி ஆரம்பிச்சாவ. பழைய கண்ணாடி சேக்குறது இவியளுக்குப் பெரிய வேல. லைப்ரரி, கண்ணாடிக் கடை எல்லாத்துலயும் பொட்டி வச்சிருக்காவ, வந்தத கழுவி, மெசின்ல வச்சு பவர் பாத்து, எழுதி ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்புதாவ. இனிமே எங்க மெம்பருங்க கடையிலயும் பொட்டி வைக்கோம்னு ரோட்டரிக்காரங்க அங்கயே ஒத்துக்கிட்டாவ. காலி பாட்டில் ஒண்ணுக்கு 10 சென்ட் திரும்பக் கிடைக்கும் இங்க, அந்தக் காசுல பாதி போலியோவுக்கு, பாதி கண்ணாடிக்கு.

கடைசியா வெள்ளம். 2022 பிப்ரவரில இந்தப் பக்கம் பெரிய வெள்ளம், அதுல இருந்து ரெண்டு கிளப்புக்கும் சேத்து ஒரே லிஸ்ட், யாருகிட்ட பம்பு இருக்கு, யாருகிட்ட ஜெனரேட்டர், எந்தத் தெருவுல தனியா இருக்க வயசானவங்க யாரு, எல்லாம் அதுல இருக்கு. 2023 டிசம்பர்ல தாமிரபரணி பொங்கி வந்தப்போ, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்ப சோத்து வண்டியெல்லாம் ரோட்டு மேல இருக்க தெருவுக்கே வருது, உள்ள இருக்க தெருவுக்கு யாரும் வரலன்னு நீங்க போன்ல சொல்லி வருத்தப்பட்டிய. ஒரு லிஸ்ட் இருந்திருந்தா அந்தச் சோறு உள்ள போயிருக்கும்லாப்பா.

அதனால ஒங்ககிட்டயும் மாமாகிட்டயும் ஒண்ணு கேக்கேன். பொங்கல் கழிஞ்சு, பிசான நெல் அறுப்பு தொடங்குறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழம ரெண்டு கிளப்பும் சேந்து ஒரு கண் கேம்ப் போடுங்க. கேம்ப் லயன்ஸ் பாக்கட்டும், மலையடிவாரத்துல இருந்தும் முக்கூடல் பக்கத்துல இருந்தும் ஆளக் கூட்டிட்டு வார வேன ரோட்டரி பாக்கட்டும், மறுபடி செக்கப்புக்கு கூட்டிட்டுப் போறதும் அவிய பொறுப்பு. புரை ஆபரேசன் மட்டும் பாக்காதிய. பீடி சுத்துற அக்காமாருக்கு நாப்பது வயசு தாண்டினா கிட்டத்துல இருக்கது மங்கலாயிருது, நூல் கட்டத் தெரிய மாட்டேங்கு, அவியளுக்கு கிட்டத்துல வச்சுப் பாக்குறதுக்கு ஒரு கண்ணாடி இருந்தாலே போதும், அன்னைக்கே குடுத்து அனுப்பிரலாம்.

மாமா மொதல்ல வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதிய, நீங்களே ஒரு சாயங்காலம் அவரு வீட்டுக்குப் போங்க, அத்தை காப்பி போடுவாவ. தேதி முடிவானதும் சொல்லுங்க, வேன் வாடகை என் பொறுப்பு. பேரு எழுதுறதுக்கு அம்மாவையே வைங்க, மெம்பராவே வைங்க.

உங்க அன்பு மக