புறாத்தீவுக்கு வரும் வாடிக்கையாளர்களுக்குச் சுறா பற்றி ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

நிலாவெளிக் கரைக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குப் படகு பதிவு செய்ய அழைப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது, "அங்கே சுறா இருக்குதாமே?" என்பதைத்தான். இருக்கிறது. சிலர் அதைப் பார்க்கவே வருகிறார்கள், சிலர் அதனாலேயே தண்ணீரில் இறங்கத் தயங்குகிறார்கள். இரு தரப்பாருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

நீங்கள் காணப்போவது செட்டை நுனி கறுத்த சுறா. முருகைக்கல் ஓரத்தில், ஆழம் குறைந்த நீரில் திரியும் இனம். வளர்ந்ததும் பெரும்பாலும் ஒன்றரை மீற்றர் அளவுதான். சிறுமீனும் கணவாயும் அதன் இரை. ஆளைக் கண்டால் கூச்சப்பட்டு விலகிப்போகும். அது ஓயாமல் சுற்றுவதைப் பார்த்து, "எங்களை வட்டமிடுகிறது" என்று பதற வேண்டாம். நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே தண்ணீர் ஓடி அதற்கு மூச்சு வரும். காற்றுப்பையும் கிடையாது, எண்ணெய் நிறைந்த ஈரலை வைத்துக்கொண்டு மிதக்கிறது, நின்றால் தாழ்ந்துவிடும்.

உலகில் ஆட்களுக்கு நேர்ந்த கடுமையான தாக்குதல்களில் பெரும்பங்கு வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா என்ற மூன்று இனங்களுடையவை. நம் கறுத்த செட்டைக்காரரும் எப்போதாவது கடித்ததுண்டு. அவற்றில் பல, முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களின் காலை இரையென்று எண்ணிக் கவ்வியவை. ஆகவே ஆழமில்லாத இடத்தில் எழுந்து நடக்காமல் மிதந்தே வாருங்கள். முருகைக்கல்லும் மிதிபடாது.

உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோட்டால் தண்ணீரின் அதிர்வையும், மூக்கைச் சுற்றிய நுண்துளைகளால் மணலில் ஒளிந்த மீனின் மெல்லிய மின்துடிப்பையும் சுறா அறியும். கைகாலை அடித்துத் துள்ளினால் காயப்பட்ட மீன் துடிக்கும் அதிர்வு போலிருக்கும். மினுங்கும் வெள்ளிச் சங்கிலியும் செதில் போலத் தெரியும். அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

மீனுக்குப் போடுவதற்கென்று இனி எங்கள் படகில் பாண் ஏற்ற மாட்டோம். பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள், தெரியும். ஆனால் பாண்துண்டுக்குச் சிறுமீன் குவியும், குவிகிற மீனுக்குச் சுறா வரும், அந்த அவசரத்தில் விரலையும் மீனையும் அது பிரித்துப் பார்க்காது. படகுச் சத்தமென்றால் சாப்பாடு என்று பழகிவிட்ட சுறாவுக்கு அந்தக் கூச்சமும் போய்விடும். உங்களை இதுவரை காத்தது அந்தக் கூச்சந்தான்.

படம் எடுக்கத் துரத்தவும் வேண்டாம். ஒரு முறைக்கு 2 முதல் 5 குட்டிகள் வரை மட்டுமே ஈனும் பிராணி இது. குட்டிகள் ஒதுங்குவதும் அந்த ஆழமில்லாத ஓரத்தில்தான். 2003இல் தேசியப் பூங்காவான இடத்தில் அவற்றை விரட்டியடித்தால் வேறெங்கே போகும்? படகோட்டி காட்டும் இடத்தில் அசையாமல் மிதந்தால் அவையே கடந்துபோகும். நல்ல படமும் கிடைக்கும்.

சிறுவர் அளவு முகக்கண்ணாடியும் லைஃப் ஜக்கெற்றும் எங்களிடம் உண்டு. பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
படகுச் சேவைக் குழுவினர்,
நிலாவெளி