டண்டீ மளிகைக் கடைக்காரரின் கடைசி மகன்

டண்டீ,
ஆகஸ்ட் 3, 2025

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். மகள் வேலைக்குப் போனதும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு டே ஆற்றங்கரையில் நடக்கிறேன். இங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘சக்ஸஷன்’ என்ற அமெரிக்க டிவி தொடரில் ஊடக முதலாளி லோகன் ராயாக வந்த கிழவரைப் பற்றி, “அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பயமா இருக்கு” என்று போனில் சொன்னாயே, அந்த நடிகர் பிரையன் காக்ஸ் பிறந்த ஊர் ஸ்காட்லாந்தில் இருக்கிற இந்த டண்டீதான். போன மாதம் அவர் நடித்த நாடகத்தை நேரில் பார்த்தேன். அப்புறம் அவருடைய சுயசரிதையை வாங்கிப் படித்தேன். படிக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்.

1946இல் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் கடைசி. அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் பணம் இல்லாதவர்கள் கடன் சொல்லிச் சாமான் வாங்குவார்கள், அவரும் இல்லை என்னாமல் கொடுப்பார். பையனுக்கு எட்டு வயதானபோது கணையப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அம்மா சணல் மில்லில் நூல் நூற்றவர். கணவர் போன அதிர்ச்சியில் மனம் உடைந்து, மருத்துவமனையில் மின்னதிர்ச்சி சிகிச்சை வரைக்கும் போக வேண்டியதாயிற்று. பையனை வளர்த்து ஆளாக்கியது அக்காக்கள்தான். மீன் வறுக்கும் கடையில் எண்ணெய்ச் சட்டியில் மிஞ்சிய மாவுத் துணுக்குகளைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நாட்களை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உன் அக்கா ராத்திரி முழுக்கத் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நாம் இரண்டு பேரும் பரீட்சைக்குப் படித்தோமே, அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்டது.

சணல் மில் என்றேன் அல்லவா? இந்த ஊரே அதில்தான் வளர்ந்தது. வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சணல் வந்து இறங்கும். திமிங்கில எண்ணெய் விட்டு நாரை இளக்கி, நூற்று, சாக்குத் துணியாக நெய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். பெண்களுக்குக் கூலி குறைவு என்பதால் மில்லில் பெரும்பாலும் அவர்கள்தான். வீட்டில் இருந்த ஆண்களுக்குக் ‘கெட்டில் கொதிக்க வைக்கிறவர்கள்’ என்று ஊரில் பெயர். வெர்டன்ட் வொர்க்ஸ் என்ற பழைய மில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காமல், உதட்டசைவையும் கையசைவையும் வைத்தே அந்தப் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். காக்ஸ் வாயைத் திறக்கும் முன்பே அவர் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதற்கு, அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதினான்கு வயதில் டண்டீ ரெப் நாடக அரங்கில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். முதன்முதலில் உள்ளே போன அன்று படிக்கட்டில் இரண்டு பேர் கைகலப்பில் இருந்தார்களாம். அதில் ஒருவர் பின்னாளில் பெரும் பெயர் எடுத்த நடிகர் நிக்கல் வில்லியம்சன். பயந்து ஓடாமல், தன் இடம் இதுதான் என்று பையன் அங்கேயே தங்கிவிட்டான். அந்தக் கட்டடம் 1963இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அதே வருடம் அரசு உதவித்தொகையில் லண்டன் லாம்டா நாடகப் பள்ளிக்குப் போனார். அந்தப் பணம் இல்லையென்றால் தன்னைப் போன்ற வீட்டுப் பிள்ளை நடிகனாகியிருக்கவே முடியாது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1965இல் எடின்பரோவில் ராயல் லைசியம் நாடகக் குழு தொடங்கியபோது அதில் முதல் ஆட்களில் ஒருவர்.

உண்மையில் அவர் மேடையின் ஆள், கணேசா. 1987இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் டெபோரா வார்னர் இயக்கிய ‘டைட்டஸ் ஆன்ட்ரோனிக்கஸ்’. ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே ரத்தம் அதிகம் கொட்டும் நாடகம். ஒரு வரியைக்கூட வெட்டாமல் போட்டார்கள். பழிவாங்கும் விருந்துக்குச் சமையல்காரர் வேடத்தில் வந்து, சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வரும்படி நடித்தாராம். லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியே கிடைத்தது. தான் மேடையில் செய்ததில் சிறந்ததே அதுதான் என்கிறார். அடுத்து அதே இயக்குநரோடு லண்டன் நேஷனல் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னர் வேடம்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. மனிதர்களைக் கொன்று தின்னும் டாக்டர் ஹானிபல் லெக்டர் என்ற சினிமா வேடம் என்றால் நமக்கெல்லாம் ஆந்தனி ஹாப்கின்ஸ்தான். ஆனால் 1986இல் மைக்கேல் மானின் ‘மேன்ஹன்டர்’ படத்தில் அந்த வேடத்தை முதலில் போட்டவர் காக்ஸ். அப்போது நேஷனல் தியேட்டரில் லியராக நடித்துக்கொண்டிருந்தவர் ஹாப்கின்ஸ். பின்னால் காக்ஸ் அதே அரங்கில் லியரான சமயத்தில் ஹாப்கின்ஸ் லெக்டராக வந்தார், அதற்கு ஆஸ்கரும் வாங்கினார்! காக்ஸ் அதற்காக ஏங்கி உட்காரவில்லை. அதற்கு முன்பே, சோவியத் காலத்தின் கடைசியில் மாஸ்கோவுக்குப் போய் மாணவர்களுக்கு நடிப்பு சொல்லிக்கொடுத்திருந்தார். ‘பிரேவ்ஹார்ட்’, ‘டிராய்’ என்று படங்களில் துணை வேடங்கள், 2001இல் நாஜித் தலைவர் கோரிங் வேடத்துக்கு அமெரிக்க டிவி விருதான எம்மி.

உலகம் முழுக்கத் தெருவில் அடையாளம் காணும் புகழ் ‘சக்ஸஷன்’ தொடங்கிய 2018இல், 72 வயதில்தான் வந்தது. லோகன் ராய் க்யூபெக்கில் பிறந்தவர் என்றுதான் முதலில் வைத்திருந்தார்கள். ஒன்பதாவது எபிசோடு எடுக்கும்போதுதான், அதை டண்டீ என்று மாற்றிவிட்ட செய்தி காக்ஸுக்கே தெரிந்தது. இரண்டாம் சீசனில் படப்பிடிப்புக்கு இந்த ஊருக்கே வந்தார்கள். என் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வி அண்ட் ஏ அருங்காட்சியகம் அதில் வருகிறது.

பத்து வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான் ஸ்காட்லாந்து மேடை ஏறியிருக்கிறார். 2008 வங்கி நெருக்கடியைப் பற்றிய ஜேம்ஸ் கிரகாமின் ‘மேக் இட் ஹாப்பன்’. அதில் பழைய பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தின் ஆவியாக வருகிறார். இன்றைய டண்டீ ரெப் வேறு கட்டடம், ஆனால் அதே நிறுவனம். 79 வயது மனிதர் மேடைக்கு வந்ததும் எனக்கு முன் வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தால் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. அவர் பார்த்ததை நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. தையல் மிஷின் பற்றிய இடத்தை இரண்டு தரம் வாசி. நாடக டிக்கெட்டை உள்ளே வைத்திருக்கிறேன், பத்திரமாக வை. அக்டோபரில் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
ராமு